விசிலுக்காகத்தான் குறைத்தேன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காது மெஷின் கேட்டு வந்த தையற்காரம்மா என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். மெஷின் காதில் இருப்பதே வெளியே தெரியக் கூடாதாம். சத்தம் கணீரென்று கேட்க வேண்டுமாம். பேட்டரி ஒரு மாதம் வர வேண்டுமாம். "மூணும் சேர்ந்து வராதுங்க. மெஷின் சின்னதுன்னா பேட்டரியும் சின்னது. சத்தத்தைக் கூட்டினா பேட்டரி சீக்கிரம் தீரும். எந்த ரெண்டு வேணும்னு சொல்லுங்க" என்றேன். "இதைக் கண்டுபிடிச்சவனுக்கு மூளையே இல்லையா?" என்று, ஏதோ நான்தான் கண்டுபிடித்த மாதிரி முறைத்தார். பதினெட்டு வருடமாக இந்த கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தால் அப்பா. அடுப்படியில் இருந்தபடியே, "சாப்பாடு ஆறுதுப்பா" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் கூடத்திலிருந்து "என்ன?" நான்காவது முறை கத்தினேன். "எதுக்குக் கத்தற? மெதுவாச் சொன்னா கேக்காதா?" என்கிறார்!

போன சனிக்கிழமை சின்னவள் வந்து அவர் எதிரே உட்கார்ந்து, அந்தப் பூஞ்சைக் குரலில், "அப்பா, சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்க" என்றாள். உடனே குனிந்து பார்த்துச் சிரித்தாரே, அது மட்டும் எப்படிக் கேட்டதாம்? மெஷின் நான் பொருத்தியது. ஜனவரியில், என் கையால், அவர் இரண்டு காதுக்கும் அச்சு எடுத்து, ஒவ்வொரு சத்தமாகக் கூட்டிக் குறைத்து வைத்தது. ஆலையில் முப்பது வருடம் ஜெனரேட்டர் அறையில் நின்று பாழாய்ப்போன காது. அதில் இவ்வளவு கேட்கவைத்ததே பெரிய காரியம் என்று எங்கள் கிளினிக் டாக்டரம்மா கூடச் சொன்னார். அது என் தங்கை பேசுவதைக் கேட்பதற்காகத்தானா?

மார்ச் 7, சனி

வந்தாள். பன்னிரண்டு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு ஜனவரியில்தான் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து இங்கே திரும்பினாள். பஸ்ஸில் இருபது நிமிடம். சனிக்கிழமை தவறுவதில்லை, மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை.

உள்ளே நுழைந்ததும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதருகே எது வந்தாலும் மெஷின் கீ என்று விசில் அடிக்கும், அதன் குணம் அது. அப்பாவுக்குப் பரம சந்தோஷம். "பாரு, இவ வந்தா மெஷினே விசிலடிக்குது" என்கிறார். நான் கட்டிக்கொண்டால் என்ன அடிக்கும் என்று தெரியாது. நான் கட்டிக்கொண்டதில்லை. எனக்கு அதெல்லாம் வராது. அவள் அப்பாவை 'நீ' என்பாள், நான் 'நீங்க' என்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. "அப்பா, நீ எங்க வீட்டுக்கு வந்துடேன். கீழ்வீடு. ஒரு படி கிடையாது. இங்க மூணு மாடி ஏறி இறங்கி முட்டி என்னத்துக்கு ஆகுது?"

அப்பா சொன்னார்: "பாக்கலாம்."

குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 10, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. நாற்பத்தேழு வயதில் தங்கையைப் பார்த்து வயிறு எரிகிறவள் எவளாவது இருப்பாளா? இருக்கிறேன்.

அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் படுக்கை விரிப்பு மாற்றியது நான். சின்னவள் போன் திரையில் வந்து அழுதாள். அம்மா அந்தத் திரையைத்தான் தடவிக் கொடுத்தாள். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ராத்திரி பகலாக உட்கார்ந்தது நான். மாத்திரை டப்பா நான். பேங்க், கரண்ட் பில், குழாய் ரிப்பேர் எல்லாம் நான். அவள் சனிக்கிழமை நாலு மணி நேரம் வந்து சிரித்துவிட்டுப் போவாள், அப்பா வெள்ளிக்கிழமையே ஷேவ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்காக ஒரு நாள் ஷேவ் பண்ணியிருப்பாரா மனுஷன்?

எனக்காக எதற்கு ஷேவ் பண்ண வேண்டும், நான்தான் தினமும் இருக்கிறேனே. அதுதான் பிரச்சினையே.

மார்ச் 14, சனி

அவர்கள் வீட்டில் அப்பாவுக்கு அறை பார்த்தாகிவிட்டது. ஜன்னல் தெருப்பக்கமாம். என்ன பெயின்ட் அடிக்கட்டும் என்று போனில் வண்ண வண்ணமாகக் காட்டினாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கண்ணை உறுத்தாம இருந்தா போதும்" என்றார். அப்படியென்றால் போவதென்று முடிவே பண்ணியாகிவிட்டதா? என்னிடம் ஒரு வார்த்தை?

அதற்கும் மேல் ஒன்று. ஒரு முறை ஜெனரேட்டரின் பெல்ட் அறுந்து இவர் தலைக்கு மேல் பறந்ததாம், ஆலை மொத்தமும் இருட்டாம், இவர் தீப்பெட்டியைத் தேடி இன்னொருத்தர் மீசையில் கை வைத்துவிட்டாராம். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் வாசற்படியில் நின்று கேட்டேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், இந்தக் கதையை எனக்குச் சொன்னதே இல்லை.

மார்ச் 16, திங்கள்

விசிலைச் சரிபண்ணுகிறேன் என்று அப்பாவின் மெஷினை வாங்கிக்கொண்டு கிளினிக்குக் கொண்டுபோனேன்.

விசிலை நிறுத்த மூன்று வழி இருக்கிறது. ஒன்று, புது அச்சு எடுத்துக் காதில் இறுக்கமாக உட்காரவைப்பது. அதுதான் முறை, ஆனால் எங்கள் கிளினிக்கில் அச்சு வார்க்கும் மோல்டு அக்கா செய்து கொடுக்கப் பத்து நாள் ஆகும். இரண்டாவது, அச்சில் இருக்கும் காற்றுத் துளையை அடைப்பது. அடைத்தால் அவர் குரலே அவருக்குப் பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். மூன்றாவது, மேல் ஸ்தாயிச் சத்தங்களைக் குறைப்பது. ஒரு நிமிட வேலை. ஆனால் க, ச, த மாதிரி எழுத்துகளுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. அதிகம் குறைத்தால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது.

மூன்றாவதைச் செய்தேன். நான்கு டெசிபல் குறைத்தால் விசில் நின்றிருக்கும். பன்னிரண்டு குறைத்தேன்.

சின்னவள் குரலில் கனம் கிடையாது, மேலேதான் எல்லாம். எனக்கு அடிக்குரல். யாருடைய குரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு, அது எனக்குத் தெரியாமல் இல்லை.

விசிலுக்காகத்தான் குறைத்தேன். கேட்டால் அப்படித்தான் சொல்வேன். யாரும் கேட்கப் போவதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

விசில் போயிற்று. "பரவாயில்லையே, கைகாரிதான் நீ" என்றார் அப்பா. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன், மற்ற நாளாக இருந்தால்.

மார்ச் 21, சனி

சின்னவள் கட்டிக்கொண்டாள். விசில் வரவில்லை. "என்னப்பா, இன்னிக்கு ரயில் கிளம்பலியா?" என்றாள். அப்பா சிரித்துத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். தினம் பத்துப் பேர் என் எதிரே உட்கார்ந்து அதைச் செய்கிறார்கள். ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்லவும் வெட்கம், அதனால் சிரித்து ஆட்டிவைப்பது. சின்னவளுக்கு அது புரியவில்லை. ஆபீஸ் கதை சொன்னாள். ஆட்டினார். வீட்டுக்காரரின் தங்கைக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னாள். ஆட்டினார். "பொண்ணா பையனான்னு கேக்க மாட்டியாப்பா?" என்றாள். அதற்கும் ஆட்டினார்.

ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள். செருப்பு மாட்டும்போது, "அப்பாவுக்கு என்மேல கோவமாக்கா?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றேன். தெரியலையேவாம்!

ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், சீ, சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவும் நானும் டிவி பார்த்தோம்.

மார்ச் 24, செவ்வாய்

என் குரல் கேட்கும் என்று நினைத்தேன். அதுவும் சரியாகக் கேட்கவில்லை. எனக்கும் தலையாட்டுகிறார்.

மார்ச் 26, வியாழன்

மெஷினை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "ஏன்ப்பா போடலை?" என்று சைகையில் கேட்டேன். "போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நாளைக்குச் சரிபண்ணிவிட வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

கிளினிக்கில் கூட்டம். மெஷினை எடுத்துப் போக மறந்துவிட்டேன். மறக்கவில்லை. வாசல் வரை வந்து, நாளை சனிக்கிழமை என்று நினைவு வந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.

மார்ச் 28, சனி

இன்று அவள் நாலு மணிக்கு வந்து ஐந்துக்குப் போய்விட்டாள். போன கையோடு பஸ் ஸ்டாப்பிலிருந்து போன்.

"அக்கா, தப்பா நினைக்காத. அப்பாவுக்கு மறதி வியாதி ஏதாவது ஆரம்பிச்சிருக்குமோ? ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றாரு. என் மூஞ்சியப் பாத்துட்டே இருக்காரு, ஆனா எங்கயோ இருக்காரு. என் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். 'மெஷின் செட்டிங்டி, நான் பாத்துக்கறேன்.' அவ்வளவுதான். என் வாயில் வந்தது வேறு.

"வயசாகுதுல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டாள்.

மார்ச் 30, திங்கள்

மூளை டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டாளாம், அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி. ஆபீஸில் அரை நாள் வேலையாக மாற்றிக் கேட்டிருக்கிறாளாம். "அவரை இனிமே தனியா விடக் கூடாதுக்கா. நீ காலைல போனா சாயங்காலம்தான் வர்ற. எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடறேன்."

போகக் கூடாது என்றுதான் செய்தேன். நான் செய்ததாலேயே கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். நல்லா வேணும் எனக்கு.

ஏப்ரல் 2, வியாழன்

எட்டாம் தேதி ராத்திரிக்குள் சரிபண்ணிவிட்டால் போதும். டெஸ்டில் எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. இன்றைக்கே செய்தால் என்ன என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குச் செய்தால் சனிக்கிழமை அவளிடம் பழையபடி சிரிப்பார். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை.

இதைப் படித்துப் பார்த்தேன். இதை எழுதியவளை எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

டாக்டருக்கு வேறொருத்தர் தேதி காலியாகி, இன்றைக்கே வரச் சொல்லிவிட்டார்களாம். நான் வேலையில் இருந்தபோது சின்னவள் வந்து அழைத்துப் போயிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் கூடத்தில். அவள் கண் வீங்கியிருந்தது. அப்பா வெளியே போட்டுக்கொண்டு போன சட்டையோடு, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பதுக்குப் பதினேழு மார்க். மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம், ஒன்றுகூடச் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வார்? அந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லியிருப்பார். அடுத்த வாரம் ஸ்கேன், அப்புறம் மாத்திரை.

அப்பா என்னைப் பார்த்தார். "பெரியவளே, எனக்கு மூளை போயிடுச்சாம்மா?" என்றார்.

ஆலையில் ஒரே நேரத்தில் நாலு மெஷின் சத்தத்தைக் கேட்டு, எதில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொன்ன மனிதர். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? என்ன பண்ணி வச்சிருக்கேன்!

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் என்னோட கிளினிக்குக்கு வாங்க" என்றேன். ஏன் எதற்கு என்று சின்னவள் கேட்டாள். வாங்க என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 8, புதன்

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் அறையில் அப்பாவை உட்காரவைத்து மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். திரை என் பக்கம்தான் பார்த்திருக்கும், அவர்களுக்குத் தெரியாது. குறைத்ததைக் கூட்டிவிட்டு, 'மெஷின்ல கோளாறு, இப்ப சரியாயிடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். சின்னவள் என் கையைப் பிடித்து நன்றி கூடச் சொல்லியிருப்பாள். அந்த யோசனை வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

மெஷின் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கும். எத்தனை மணி நேரம் காதில் இருந்தது, அப்போது சுற்றிலும் என்ன சத்தம் என்று. பேச்சைப் பதிவு செய்யாது, பேச்சா, இரைச்சலா, அமைதியா என்று மட்டும். மற்றவர்கள் மெஷினில் இதைப் பார்க்காமல் நான் எதையும் தொட மாட்டேன். அப்பாவின் மெஷினில் அன்றைக்கு அவசரத்தில் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன்.

நான் கை வைத்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் போட்டிருக்கிறார். அது நான் எதிர்பார்த்ததுதான். அதற்கு முந்தைய கணக்குதான் என்னை ஆட்டிவிட்டது. ஜனவரியிலிருந்து மார்ச் பதினாறு வரை ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் போட்டிருக்கிறார். கண் விழித்ததும் மாட்டிக்கொண்டு படுக்கும்போதுதான் கழற்றியிருக்கிறார். அதில் அமைதி எண்பத்தொன்று சதவீதம். டிவி, தெரு இரைச்சல் பதின்மூன்று. பேச்சு ஆறே ஆறு.

வாரத்துக்குத் தொண்ணூற்றொரு மணி நேரத்தில் ஆறு சதவீதம் என்றால் ஐந்தரை மணி நேரம். சனிக்கிழமை சின்னவள் பேசுவது நாலு மணி நேரம். மிச்சம் ஒன்றரை. ஏழு நாளைக்கும் சேர்த்து, அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் நான் பேசியது ஒன்றரை மணி நேரம்! நாளைக்குக் கால் மணி கூட இல்லை. அதுவும் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. 'முகத்தைப் பாத்துப் பேசுங்க, அடுத்த ரூம்லேர்ந்து கூப்பிடாதீங்க' என்று வருகிற குடும்பத்துக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். நாள் முழுக்கக் காது கேட்காதவர்களிடம் தொண்டை கிழியப் பேசிவிட்டு வந்து, வீட்டில் வாயையே திறக்க மாட்டேன். அவர் பதின்மூன்று மணி நேரம் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், யாராவது ஏதாவது பேசுவார்களா என்று.

முதலில் சத்தத்தைப் பழையபடி கூட்டினேன். அப்பா சட்டென்று நிமிர்ந்தார். சின்னவள், "கேக்குதாப்பா?" என்றாள். "நல்லாக் கேக்குதே. ஏன் அழுற?" என்றார். அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

கூட்டுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது. அந்த யோசனையும் வந்ததுதான். திரையை அவர்கள் பக்கம் திருப்பி, மார்ச் பதினாறு என்று தேதி போட்ட இடத்தில் விரலை வைத்தேன்.

"இதை நான்தான் குறைச்சேன். தெரிஞ்சே குறைச்சேன். விசிலுக்கு இவ்வளவு தேவையில்ல."

"எதுக்கு?" என்றார் அப்பா.

"பொறாமைப்பா. இவ பேசறது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

சின்னவள் எழுந்துவிட்டாள். "நான் போன்ல அழுதப்போ, வயசாகுதுல்லன்னு சொன்னியே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா? அந்த ஆஸ்பத்திரில அவரு பேந்தப் பேந்த முழிச்சதை நீ பாக்கலை. நான் பாத்தேன்."

அப்பா இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றினார், டப்பாவில் வைத்தார், மூடியை அழுத்தி மூடினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

வீட்டில் மெஷின் போடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

மறுபடி டெஸ்ட். மெஷினோடு போய் முப்பதுக்கு இருபத்தெட்டு. "நாப்பது வயசுக்காரங்களே இவ்வளவு வாங்க மாட்டாங்க" என்றாராம் டாக்டர். எனக்கு இது சின்னவள் அனுப்பிய மெசேஜில்தான் தெரியும். மார்க் மட்டும் போட்டிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதுவே அதிகம்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று அப்பாவே மெஷினைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"நாளைக்குச் சின்னவ வீட்டுக்குப் போறேன்."

"சரிப்பா."

"உன்மேல கோவத்துல போகல. கோவமும் இருக்கு. ஆனா போறது முட்டிக்காக."

"சரிப்பா."

"இனிமே மெஷின் செட்டிங்கை அந்த மோல்டு பண்ற அம்மாகிட்ட பாத்துக்கறேன்."

இதுவரை சரி சரி என்றவளுக்கு இதற்கு மட்டும் வாய் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் என்னிடமிருந்து யாரும் வேறு நாற்காலிக்கு மாறிப் போனதில்லை. தலையாட்டினேன்.

ஏப்ரல் 18, சனி

போய்விட்டார். இரண்டு பெட்டி. படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், முட்டிக்காக.

ஏப்ரல் 22, புதன்

வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எண்பத்தொன்று சதவீதம் என்றால் இதுதானா?

ஏப்ரல் 30, வியாழன்

அப்பா கிளினிக்குக்கு வந்தார், மோல்டு அக்காவிடம். புது அச்சு எடுத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவர் என்னவோ சொல்ல அக்கா சிரிக்கிறாள். இப்போது இவளைப் பார்த்தும் வயிறு எரிகிறது! எனக்கு இது பிறவிக் குணம் போலிருக்கிறது.

போகும்போது என் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். "சாப்டியா?" என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, "சாப்பிட்டேன்ப்பா" என்றேன்.

மே 6, புதன்

போன் பண்ணினேன். புது அச்சில் விசிலும் இல்லை, எழுத்தும் போகவில்லையாம். முதலிலேயே பத்து நாள் பொறுத்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். போன் சத்தம் மெஷின் வழியாக நேராக இரண்டு காதுக்குள்ளும் போகிறதாம். அப்போது வெளிச்சத்தத்தை அடைத்துவிடட்டுமா, திறந்து வைக்கட்டுமா என்று அக்கா கேட்டாளாம். அடைத்தால் போன் தெளிவாக இருக்கும், ஆனால் வீட்டில் யார் கூப்பிட்டாலும் தெரியாது. திறந்தே வைக்கச் சொல்லிவிட்டாராம்.

மூன்று நிமிடம் பேசினோம். மெஷினைப் பற்றித்தான். வேறு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மே 13, புதன்

ஏழு நிமிடம். பேச வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. தையற்காரம்மா மெஷினைப் போட்டுக்கொண்டு போய், தன் தையல் மெஷின் இப்படிக் கத்தும் என்று தெரியாது என்று அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கிய கதையைச் சொன்னேன். "அடிப்பாவி" என்று சிரித்தார்.

மே 23, சனி

சின்னவள் வீட்டுக்குப் போனேன். அவள் காபி கொடுத்தாள், பேசவில்லை. அப்பாவின் அறை இளம்பச்சை. கிளம்பும்போது, "அடுத்த தடவை சொல்லிட்டு வா. சமைச்சு வைப்பேன்ல" என்றாள், முகத்தைப் பார்க்காமல். சொல்லிட்டுத்தான் வரணுமா என்று சுருக்கென்றது. பஸ்ஸில் வரும்போதுதான் அதில் 'அடுத்த தடவை' இருந்தது உறைத்தது.

ஜூன் 6, சனி

இன்று அப்பாவே கூப்பிட்டார், சாயங்காலம் ஐந்து மணிக்கு. சீட்டு எதுவும் கையில் இல்லை. நேற்று வந்த டிராஃபிக் போலீஸ்காரரின் கதையைச் சொன்னேன். மெஷினை மாட்டிவிட்டதும் வெளியே போய்த் தெருவில் நின்று பார்த்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து, இவ்வளவு இரைச்சலா என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். அவர் பேசுவது மாதிரியே பேசிக் காட்டினேன். எனக்கு இப்படியெல்லாம் வரும் என்று எனக்கே தெரியாது. அப்பா "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் சின்னவள் அந்த அறைக்குள் வந்திருக்க வேண்டும். அந்த மெல்லிய குரல் போனில் எனக்கே தெளிவாகக் கேட்டது. "அப்பா, டீ போடட்டுமா? நாளைக்கு வெளில போலாமான்னு அவர் கேக்கறாரு..."

"கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார் அப்பா. "பெரியவ பேசிட்டிருக்கா. நீ பேசினா அவ சொல்றது கேக்கல."

அந்தப் பக்கம் குரல் சட்டென்று நின்றது. அது எப்படி இருக்கும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? ஆனாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உச்சந்தலை வரை சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஒரு நிமிடம் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு சொன்னேன், "அவ கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்கப்பா. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தேன். டீ போடச் சொன்னார். நாளைக்கு எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டார். சின்னவள் என்னவோ சொல்ல இரண்டு பேரும் சிரித்தார்கள். நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"ம்" என்றார் அப்பா. "அந்தப் போலீஸ்காரர் அப்புறம் என்ன சொன்னாரு?"